நடு ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரர் ஒரு வருடமாக அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். "சனியன், டயலாக்கையே முழுங்குது. ரிசீவர் போயிடுச்சு" என்பார். போனது ரிசீவர் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டது உங்கள் காது என்று கட்டின மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது? எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது நீளவில்லை.

எங்கள் முன்னறைக்கு வருகிறவர்கள் இதென்ன வீடா, தியேட்டரா என்று கேட்காமல் போக மாட்டார்கள். முன்னால் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்து மாட்டிய இரண்டு, மூலையில் தரையை அதிர வைக்கும் வூஃபர் ஒன்று, டிவிக்குக் கீழே மர அலமாரியில் படுக்க வைத்த நடு ஸ்பீக்கர். இந்த ஆறுக்கும் எது எதைச் சொல்ல வேண்டும், எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் ரிசீவர். எல்லாமே பழைய சாமான் கடையில் வாங்கியது. ஒவ்வொன்றும் வீட்டுக்குள் வந்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அவர் கண்டுகொள்ளாத மாதிரி வயர் இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் குடித்தனமே அப்படித்தான் ஓடியது.

கல்யாணமான புதிதில் எனக்கு அவர் எடுத்த முதல் பாடம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இடி, மழை, வண்டிச் சத்தம், பாட்டு எல்லாம் சுத்தி இருக்கறதுல வரும். ஆளுங்க பேசறது மட்டும் நடுவுல இருக்கறதுலதான் வரும். அது இல்லேன்னா படத்துல எல்லாரும் மீனு மாதிரி சும்மா வாயத் தெறந்து மூடுவாங்க." இரண்டாவது பாடம், ரிமோட்டைத் தொடக் கூடாது. அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது நான் சத்தத்தை ஒரு புள்ளி குறைத்தால்கூட வெளியே வந்ததும் கண்டுபிடித்துவிடுவார். தலையில் சோப்பு நுரையோடு வந்து, "யாரு தொட்டது?" என்பார். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். மகன் படித்து வேலைக்கென்று வேறு ஊருக்குப் போய் நாளாகிவிட்டது.

அவருக்குக் காதுதான் சோறு போட்டது. பம்ப் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஓடுகிற மோட்டார் மேல் ஓர் இரும்புக் கம்பியின் முனையை வைத்து மறுமுனையைக் காதோரம் வைத்துக்கொள்வார். பேரிங்கில் ஒரே ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் மோட்டாரை ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார். போன வருடம் அவர் நல்லது என்று அனுப்பிய மோட்டார்கள் வரிசையாகத் திரும்பி வந்தன. அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து, "டெஸ்டிங்ல புது மிஷின் போட்டுட்டாங்க, ஆள் தேவையில்லையாம்" என்றார். மிஷின் எதுவும் வரவில்லை என்று அவர்கூட வேலை பார்ப்பவரின் மனைவி காய்கறிக் கடையில் என்னிடம் சொன்னாள். நான் தக்காளி பொறுக்கிக்கொண்டே "அப்படியா" என்றேன்.

அப்புறம்தான் காது டாக்டர். நானும் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறேன், ஆனால் அது கண் ஆஸ்பத்திரி. வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்க டோக்கன் நம்பரைக் கத்துகிற வேலை. என் புத்திக்குக் காது ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் சலுகையாவது கிடைத்திருக்கும். அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். மனுஷன் சத்தத்தைக் கேட்டு அமுக்கவில்லை. சத்தம் அனுப்புகிற பெண்ணின் தோள் அசைவதைப் பார்த்து அமுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்து அவரைச் சுவர் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். அதற்கப்புறம் அவர் விரல் பட்டன் மேலேயே இருந்தது, அமுங்கவே இல்லை.

டாக்டருக்கு வாயையே மூடுகிற மீசை. "நரம்பு போயிட்டிருக்கு. ரெண்டு பக்கமும். மிஷின் வெச்சா சத்தம் விழும், பேச்சு புரியறது கஷ்டம். இன்னும் கொஞ்ச மாசத்துல அதுவும் இருக்காது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்த மீசையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவுக்கு வந்ததும், "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தினமும் நம்பர் கத்துகிற அதே குரலில்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சரி" என்றார். பஸ் ஸ்டாப்பில் போய் நின்றதும், "ரிசீவர மாத்திப் பாத்துடலாம்" என்றார்.

நானும் "சரி" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மறுநாள் வேலையில் வரும் என்று நினைத்துக் கைக்குட்டை எடுத்துப் போனேன். வரவில்லை. சப்பணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப் போகுமே, கிள்ளினால் யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், நம்பர் கூப்பிட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு கல்மனசுக்காரியா நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அதுவும் உறைக்கவில்லை.

மகன் போனில் குதித்தான். "அம்மா, காது கேக்காதவருக்கு ரிசீவர் வாங்கித் தர்றியா? காது மிஷின் வாங்கித் தாம்மா. உனக்கு என்ன ஆச்சு?"

"மிஷின் குடுத்தாங்கடா, போட்டுப் பாக்கச் சொல்லி. தலைக்குள்ள தகர டப்பாவ உருட்டற மாதிரி இருக்காம். கழட்டி டிராயர்ல போட்டுட்டாரு."

"நீ சொல்ல மாட்டியா?"

"நீ வந்து சொல்லேன்" என்றேன். பாவம், அவன் மேல் தப்பில்லை. அந்த நேரத்தில் எரிந்து விழ அவன்தான் கிடைத்தான்.

பணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வாஷிங் மெஷினுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்ததுதான். அதை வைத்துக்கொண்டு புது ரிசீவர் விற்கிற கடையின் கண்ணாடிக் கதவைக்கூடத் தள்ள முடியாது. அவருக்கு அதில் கவலையில்லை. "இந்தக் காசுக்குப் புதுசு வாங்கினா உள்ள காத்துதான் இருக்கும். பழசுல பெரிய ஆளாப் பாத்துத் தூக்கணும்" என்றார். தூக்குவது என்றால் நிஜமாகவே தூக்குவது. நல்ல ரிசீவரை எடை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தமாம். அதை விளக்கும்போது பழைய மனுஷன் மாதிரியே இருந்தார்.

கிளம்புவதற்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "டயலாக் வந்துடும் பாரு. அந்த 'போகலாமா' வரும். வரலேன்னா நானே ஒத்துக்கறேன், காதுதான்னு. அதுக்கப்பறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

அந்தப் 'போகலாமா'வைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பழைய படம். கொட்டுகிற மழையில் ஒரு கார் நடுரோட்டில் நின்றுவிடும். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும். பிரிந்துவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டு வந்துகொண்டிருப்பார்கள். வெகுநேரம் மழை மட்டும் பெய்யும், நம் தலைக்கு மேலேயே பெய்கிற மாதிரி இருக்கும். ஒரு பெரிய இடி விழும். அது அடங்கினதும் அந்தப் பெண், அவன் பக்கம் திரும்பாமலே, மெதுவாக, "போகலாமா?" என்பாள். அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர் வந்தாலும், எந்த வயர் வந்தாலும் முதலில் அந்த மழைதான். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்த ஒரு சொல் பிசிறில்லாமல் வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உடனே ரிமோட்டை அமுக்கித் திரும்ப இடிக்குப் போய்விடுவார். எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அந்தக் கார் அங்கிருந்து எங்கே போனது, அவர்கள் பிரிந்தார்களா சேர்ந்தார்களா என்று மட்டும் எனக்குத் தெரியாது.

பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலில் ஒரு பக்கெட் நிறைய ரிமோட்டுகள். கடைக்காரர் காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு ஒரு டிவியின் முதுகைத் திறந்து வைத்திருந்தார். நாங்கள் கொண்டுபோன பழைய ரிசீவரைக் கொடுத்து, இதை எடுத்துக்கொண்டு வேறு ஒன்று கொடுங்கள் என்றேன். அவர் அதை மேஜையில் வைத்து ஒரு ஸ்பீக்கரைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். யாரோ ஒரு பெண் செய்தி வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் மணி மாதிரி வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் கடையின் அந்தக் கோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு ரிசீவராகத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணீர்னு இருக்கேம்மா. இதுல என்ன குறை? எதுக்கு மாத்தறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அது எங்க பாடு. இதுக்கு எவ்வளவு கழிச்சுப்பீங்க, அதச் சொல்லுங்க."

"இல்லம்மா, நல்ல பொருள். நான் பொய் சொல்லல. நீங்களே கேளுங்க."

"கேக்குது" என்றேன். "எனக்கு நல்லாவே கேக்குது. சத்தத்தக் கொறைங்க." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அணைத்தார்.

என் வீட்டுக்காரர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, முகம் சிவக்க, நொண்டி நொண்டி வந்து மேஜையில் வைத்தார். பெரிய பெட்டி. வாய்விட்டுச் சிரித்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே. கடைக்காரர் அவரைப் பார்த்து, "பதினெட்டாயிரம் ஆகும் சார். உங்க பழசக் கழிச்சுத்தான் சொல்றேன்" என்றார். அவர் குனிந்து மேல் மூடியின் ஓட்டைகள் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை.

"சரி, பதினாறு குடுங்க."

அவர் வாயைக் குவித்து உள்ளே இருந்த தூசியை ஊதினார்.

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "என்ன சார், இப்படிக் கல்லு மாதிரி நின்னா எப்படி? பதினாலு. இதுக்குக் கீழ என்னக் கொன்னாலும் முடியாது."

எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கடைக்காரர் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவார். மனசு கேட்காமல், "கட்டிக் குடுங்க" என்றேன். பணத்தை வாங்கி எண்ணும்போது அவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் பெரிய அழுத்தக்காரர்மா. இவர மாதிரி நாலு பேரு வந்தா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

பஸ்ஸில் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, "எவ்வளவுக்கு முடிச்ச?" என்று கேட்டார். விரலில் காட்டினேன். "அட! அவன் எப்படி எறங்கி வந்தான்?"

"எல்லாம் உங்க வாய்ச் சாமர்த்தியம்" என்றேன், அவர் பார்க்கிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து. அவர் ஒரு கணம் யோசித்தார். நடந்தது பிடிபட்டதும் பஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்துதான் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டினார். அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வயரின் நுனியையும் பல்லால் உரித்து, முறுக்கி, செருகினார். "செவப்பும் கறுப்பும் ஒண்ண ஒண்ணு தொடக் கூடாது. தொட்டா பொட்டியே போயிடும்" என்று வழக்கம்போல எனக்கு எச்சரிக்கை வேறு. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்தப் பெட்டியோடு ஒரு குட்டி மைக் வந்திருந்தது. அதை நாம் உட்காருகிற இடத்தில் காது உயரத்தில் வைத்துவிட்டால், ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தம் எழுப்பி, அந்த மைக்கில் கேட்டுப் பார்த்து, எதை எவ்வளவு வைக்க வேண்டும் என்று தானே முடிவு செய்துகொள்ளும். பழையதிலும் இது இருந்தது. அப்போதெல்லாம் அவர் மைக்கைத் தொடவே மாட்டார். "இந்தக் குண்டூசிக்கு என்ன தெரியும்? என் காதை விடவா?" என்று கேட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் முன்னால் மண்டியிட்டு, காதை வைத்து, கையால் திருகித் திருகிச் சரிசெய்வார். இப்போது அந்த மைக்கை எடுத்து, சோபாவில் அவர் உட்காரும் இடத்தில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன் மேல் பத்திரமாக வைத்தார். "மிஷின் பொய் சொல்லாது" என்றார்.

அளக்கும்போது வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இருக்கக் கூடாதாம். ஃபேனை அணைத்தேன், ஃப்ரிட்ஜை அணைத்தேன். இருவரும் வாசற்படி ஓரம் நின்றோம். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஊய்ங்' என்று ஊளையிட்டது. நடு ஸ்பீக்கரும் ஊளையிட்டது, நான் என் காதால் கேட்டேன். அவர் டிவியில் வரும் படத்தைப் பார்த்து, எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்துகொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் திரையில் சரி என்று வந்தது. "பாத்தியா!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். அந்த அடி மட்டும் கொஞ்சம் வலித்தது.

அப்புறம் தோளைக் கொடுத்து அலமாரியைத் திரும்பச் சுவரோரம் தள்ளினார். எப்போதும் தள்ளின பிறகு ஒரு சுற்று வருவார், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் காதை வைத்துப் பார்ப்பார், தள்ளும்போது எதுவும் இழுபட்டிருக்குமோ என்று. அன்றைக்கு அந்தச் சுற்று வரவில்லை. நேராகப் போய்ச் சோபாவில் உட்கார்ந்து, "வா, வா" என்று பக்கத்தில் தட்டினார்.

மழை தொடங்கியது. சும்மா சொல்லக் கூடாது, பெட்டி நல்ல பெட்டிதான். பின் சுவரிலிருந்து வந்து தலைக்கு மேலே போய் முன்னால் விழுந்தது மழை. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. அவர் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனார், நம்பர் ஏறிக்கொண்டே போனது. மேல்மாடிக்காரம்மா தரையில் எதையோ வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். அது அவருக்குக் கேட்கவில்லை. திரையில் புருஷன்காரன் வாயைத் திறந்து ஏதோ சொன்னான். சொல் வரவில்லை. மழைதான் வந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் மறுபடியும் வாயைத் திறந்தான், மூடினான். மீன். நடு ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது. அலமாரியைத் தள்ளும்போது வயர் உருவிக்கொண்டிருக்க வேண்டும்.

அவரிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நல்ல சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பார். இடி விழுந்தது. சோபா, தரை, என் பல் எல்லாம் அதிர்ந்தது. அவர் கால் கட்டைவிரலைத் தரையில் அழுத்தி வைத்திருந்தார். அந்த அதிர்வு அடங்கியதும், திரையில் அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது, ஒரு சத்தமும் வரவில்லை.

"போகலாமா!" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "கேட்டியா? எவ்வளவு சுத்தம்! நான் சொல்லல? ரிசீவர்தான்."

எனக்குப் பயம் வந்தது. இத்தனை நாள் மரத்துக் கிடந்ததற்குப் பயமாவது வந்ததே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம் ஒரு நப்பாசை. ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான், நிஜக் குரல் வந்தால் வித்தியாசம் தெரியும், கொஞ்சமாவது தெரியும், திடுக்கிட்டுக் கண்ணைத் திறப்பார் என்று.

எழுந்து போய் அலமாரிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் கையை நுழைத்துத் துழாவினேன். நடு ஸ்பீக்கரின் முதுகில் கறுப்பு வயர் இருந்தது. சிவப்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று தொடக் கூடாது, தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, க்ளிப்பைக் கட்டைவிரலால் அமுக்கிச் செருகினேன்.

"என்னோட சாவிய எங்க வெச்ச?" என்று படத்தில் அந்த ஆள் என் முகத்துக்கு நேராகக் கத்தினான். நான் பின்னால் சாய்ந்துவிட்டேன். அவர் ஏற்றி வைத்திருந்த சத்தத்தில் அது பேச்சு மாதிரியே இல்லை, யாரோ அறைக்குள் வந்து அறைந்த மாதிரி இருந்தது. மேலே தட்டுகிற சத்தம் இரண்டு மடங்கானது. நான் தரையில் உட்கார்ந்தபடியே அவரைப் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். தலை அதே பக்கம் சாய்ந்திருந்தது. எதுவும் மாறவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. அவராகக் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் என்னைக் காணோம் என்று தேடி, கீழே பார்த்தார். என் கை இன்னும் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. முழங்கை வரை தூசி. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வயர்களோடு குடித்தனம் நடத்தினவர், அவருக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டுப் போனது.

"செவப்பா, கறுப்பா?" என்று கேட்டார்.

"செவப்பு."

என் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "ஆரம்பத்துலேர்ந்தேவா?"

இல்லை, இப்போதுதான் கழன்றது என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். பட்டன்களை ஒரு தடவை கட்டைவிரலால் தடவினார். அப்புறம் குனிந்து அதை என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இனிமே நீ வெச்சுக்கோ."

"எனக்கெதுக்குங்க?"

"பிடி" என்றார். "ஒரே ஒரு தடவ பின்னாடி போ. இடிக்கு."

எனக்கு எந்தப் பட்டன் என்றுகூடத் தெரியவில்லை. அவர் விரலால் காட்டினார். சோபாவில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மழை பெய்தது. இடி விழுந்தது. அவர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. திரையையும் பார்க்கவில்லை. முழுசாக என் பக்கம் திரும்பி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் மேல் கம்பியை வைக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நான் நேரில் பார்த்ததில்லை.

"போகலாமா?" என்றாள் அவள், என் நெற்றிக்கு நேராக.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு."

என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. மாசக்கணக்காக அதில் எதுவும் இல்லை. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ம், நல்ல பொட்டிதான்" என்றார்.

மேல்மாடியில் தட்டுவது நிற்கவில்லை. ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தேன். காது கேட்கிற ஒருத்திக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்கு நம்பரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். வீடு சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. தட்டுவதும் நின்றது. அவருக்கு இரண்டுமே தெரியவில்லை.

நான் திரும்ப இடிக்குப் போகவில்லை. படம் தன்பாட்டுக்கு ஓடியது. நின்றிருந்த கார் இருமி இருமிக் கிளம்பியது. அந்தப் பெண் ஏதோ சொன்னாள், அவன் ஏதோ பதில் சொன்னான். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத இடம்.

"என்ன சொல்றா?" என்று கேட்டார்.

நான் காலை மடித்து அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, அவள் சொன்னதை மெதுவாக அவருக்குச் சொன்னேன்.